இரணைமடுவிற் கண்ட நிரற்பிழை

இரணை என்றால் இரட்டை. மடு என்றால் ஆழ்ந்த நீர்நிலை. கனகராயன் ஆற்றை மறித்து, 1902இல் வேலை தொடங்கிக் கட்டப்பெற்ற இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டிலே நின்று கணினி நிரல் ஒன்றின் பிழையைக் கண்டறிந்தோம் என்றால், எமக்குக் கணிதம் புகட்டிய ஆசிரியர் நகைத்திருப்பார். ஆயினும் நடந்தது அதுவே. மலராசிரியர் தொழில் அனுபவம் ஒன்றை எழுதுமாறு பணித்தமையால் அதனையே எழுதத் துணிந்தோம்.

எமது சிற்றப்பா இரணைமடு நீரை நம்பிக் கமஞ் செய்பவர். காலபோகத்துக்கு மாரி மழை கைகொடுக்கும். சிறுபோகத்துக்கோ குளத்து நீரே தஞ்சம். நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்தே எவ்வளவு நிலம் விதைக்கலாம் எனக் கூட்டத்திலே தீர்மானிப்பர். பின்னர் வாய்க்காலில் முறை வைத்து நீர் பாய்ச்ச வேண்டும். அவர் வாய்க்காலின் முறைக் கணக்கு முழுவதும் ஓர் அப்பியாசக் கொப்பியில் இருந்தது. “தம்பி, இதை உன்ரை போனிலை ஏத்தித் தாவன்” என்றார்.

நாம் அக்காலத்தில் ஐபோனுக்கு நிரல் எழுதிப் பிழைத்தோம். 2014இல் சுவிஃப்ட் மொழி வெளிவருமுன் அத்தொழிலுக்கு உரிய மொழி ஒப்ஜெக்டிவ்-சி. 1980களின் தொடக்கத்தில் பிராட் கொக்ஸ், டொம் லவ் என்னும் இருவர், பழைய சி மொழியின் மீது ஸ்மோல்டோக் மொழியின் முறையை ஏற்றி அதனை ஆக்கினர். ஆதலின் அதுவும் ஓர் இரணைமடுவே. ஸ்மோல்டோக் வழிவந்த ‘ஒப்ஜெக்ட்’ ஒருபுறம். சி வழிவந்த ‘ஸ்ட்ரக்ட்’ மறுபுறம்.

ஒப்ஜெக்ட் என்பது நினைவகத்தில் தனக்கென ஓர் இடம் கொண்ட பொருள். அதனைப் பலர் சுட்டலாம். ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறும். ஸ்ட்ரக்ட் அவ்வாறன்று. சில எண்களை ஒன்றாகக் கட்டிய சிறு பொதி அது. கைமாறுந்தோறும் பிரதி ஆகும். திரையில் வரையும் ஒவ்வொரு செவ்வகமும் நான்கு எண்கள் கொண்ட ஸ்ட்ரக்டே. அத்தகைய சிறியவற்றை ஆயிரக்கணக்கில் ஆக்கி அழிக்கையில், ஒவ்வொன்றுக்கும் இடம் ஒதுக்கி, யார் யார் பிடித்திருக்கின்றனர் என்று எண்ணிக்கொண்டிருப்பது வீண் செலவு. இந்தச் சிக்கனத்துக்கு ஒரு தொல்லையும் உண்டு: என்எஸ்அரே என்னும் வரிசையில் ஸ்ட்ரக்டை நேரே வைக்க இயலாது, என்எஸ்வேல்யூ என்னும் உறையிலிட்டே வைத்தல் வேண்டும்.

நாம் கமக்காரர் ஒவ்வொருவரையும் ஒப்ஜெக்ட் ஆக்கினோம். அவருடைய ஏக்கர், நீர் பாயும் மணிநேரம் ஆகிய இரண்டையும் ‘பங்கு’ என்னும் ஸ்ட்ரக்டாக அதனுள் வைத்தோம். வேகம் கருதி அவ்வாறு செய்தோம் என்று அப்போது பெருமையாகச் சொன்னோம். நாற்பது கமக்காரருக்கு என்ன வேகம் வேண்டிக்கிடந்தது!

போகத்தின் நடுவே அயலில் உள்ள விதவைத் தாய் ஒருவரின் நிலம் ஒரு ஏக்கரன்று, ஒன்றரை ஏக்கர் என்று திருத்தம் வந்தது. கமக்காரரின் பங்கினுள் இருக்கும் ஏக்கரை ஒரே வரியில் நேரே மாற்ற முயன்றால் மொழிபெயர்ப்பான் மறுத்துவிடும். கைக்கு வருவது பிரதி, அதனை மாற்றிப் பயனில்லை என்பது அதற்குத் தெரியும். ஆகவே பங்கைத் தனியே எடுத்து, மாற்றி, மீண்டும் கமக்காரரிடம் வைத்தல் வேண்டும். நாம் எடுத்தோம், மாற்றினோம், வைக்க மறந்தோம். இம்முறை மொழிபெயர்ப்பான் வாய் திறக்கவில்லை.

நெல் குடலைப் பருவத்தில் நின்ற வேளை அது. இரண்டு முறை அத்தாயின் வயலுக்கு நீர் குறைந்தே பாய்ந்தது. அவர் யாரிடமும் முறையிடவில்லை. கொப்பியைப் புரட்டிய சிற்றப்பாவே கண்டுபிடித்து எம்மை அணைக்கட்டுக்கு அழைத்தார். நீர்மட்ட அளவுகோலைக் காட்டி, “கொப்பியிலை எழுதினதை அழிச்சு எழுதினால் குளத்திலை தண்ணி கூடுமோ?” என்றார். அவர் கேட்டது எமது கவனயீனத்தை. எமக்கோ பிழையின் வேரே அங்கு தெரிந்தது. இன்று காலை இத்தனை அடி என்னும் அளவு இனி மாறாது. அது ஸ்ட்ரக்டாக இருக்கத் தக்கது. ஒருவருடைய பங்கோ அவரோடு வாழ்ந்து மாறுவது. அதனை ஒப்ஜெக்டாக அன்றோ வைத்திருக்க வேண்டும்!

அன்றிரவே மாற்றி எழுதினோம். அடுத்த முறையில் சிற்றப்பா தமது நேரத்தில் இரண்டு மணியை அத்தாயின் வயலுக்கு விட்டுக்கொடுத்தார். அதனையும் கொப்பியிலேதான் எழுதினார்.