போர் போடுவதற்கு முன்

காரிமங்கலம்,
வைகாசி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. 

நம் மாந்தோப்பில் இன்னொரு போர்வெல் போடலாமா, 1200 அடி போனால் தண்ணீர் கிடைக்குமா என்று போனில் கேட்டிருந்தாய். உன் மகள் பாப்பா போனை வாங்கி, "அத்தை, ஆலங்கட்டி எப்படி வருது? மழையில எத்தனை வகை?" என்று கேட்டாள். இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான், தண்ணீர் சுற்றிவரும் வழியில்தான் இருக்கிறது. போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன். அவளுக்கும் படித்துக் காட்டு.

போன வாரம் சாயங்காலம் பெய்த ஆலங்கட்டியில் பெங்களூரா மாங்காய்கள் நிறைய உதிர்ந்துவிட்டன. ஒரு பெரிய கட்டியை எடுத்து அரிவாள் முனையால் இரண்டாக உடைத்துப் பார்த்தேன். நடுவில் பால்வெள்ளையாக ஒரு பொட்டு, அதைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி ஒரு வளையம், மறுபடி வெள்ளை, மறுபடி கண்ணாடி. வெங்காயத்தை அறுத்தது போல இருந்தது. சித்திரை வைகாசியிலும் நம் தலைக்கு மேலே சுமார் 5 கி.மீ. உயரத்துக்கு அப்பால் நீர் உறையும் குளிர்தான். மண் காய்ந்து சூடேறிய காற்று வேகமாக மேலே ஏறி இடிமேகமாக வளர்கிறது. அந்தக் காற்று ஒரு பனித்துகளைக் கீழே விழவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த நீர்த்துளிகள் அதன்மேல் ஒட்டி உறைகின்றன. சட்டென்று உறைந்தால் காற்றுக்குமிழ் சிக்கி வெள்ளையாகிறது, மெல்ல உறைந்தால் தெளிவாகிறது. காற்றால் தாங்க முடியாத கனம் வந்ததும் கட்டி விழுகிறது. சின்னதாக இருந்தால் வழியிலேயே உருகி மழையாகிவிடும். நம் ஊர்க் கோடை மழையில் பல பெருந்துளிகள் மேலே பனியாக இருந்து வந்தவைதான் என்று பாப்பாவிடம் சொல், அவளுக்குப் பிடிக்கும்.

பாப்பா கேட்ட மழை வகைகளில் முதலாவது, இப்படி வெயிலில் சூடான காற்று மேலேறிப் பெய்யும் வெப்பச்சலன மழை. இரண்டாவது, மலை தடுத்துப் பெய்யும் மழை. ஆனி ஆடியில் அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது குளிர்ந்து, குடகிலும் வயநாட்டிலும் கொட்டித் தீர்க்கிறது. நம் பக்கம் இறங்கி வரும்போது அதில் ஈரம் குறைவு, வேகம்தான் அதிகம். ஆனால் அந்த மழை நமக்கு வராமல் போவதில்லை. குடகில் பெய்தது காவிரியாகவும், வயநாட்டில் பெய்தது கபினி வழியாகக் காவிரியில் சேர்ந்தும் ஒகேனக்கல்லுக்கு வருகிறது. அங்கிருந்து கூட்டுக் குடிநீர்க் குழாயில் நம் வீட்டுக் குடத்துக்கும் வருகிறது. மூன்றாவது, ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலிலிருந்து தாழ்வு மண்டலமும் புயலும் கொண்டுவரும் மழை.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தது நினைவிருக்கும். கரையைத் தாண்டியும் வலு முழுவதும் குறையாமல் அது உள்ளே நம் பக்கம் நகர்ந்தது. ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. நம் மாவட்டத்தில் வருஷம் முழுவதும் பெய்வதே சராசரியாக 85 செ.மீ. அளவுதான். வழிந்தோடிய தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, சாத்தனூர் அணையைத் திறக்கவைத்து, விழுப்புரம், கடலூர் ஊர்களை மூழ்கடித்துவிட்டு, சில நாளில் கடலுக்குப் போய்விட்டது. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால் அது தாங்கக்கூடிய ஈரம் சுமார் 7 சதவீதம் கூடும். காற்று சூடாகிக்கொண்டே வருவதால் இப்படிப்பட்ட பேய்மழை இனி அடிக்கடி வரும் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் நீர்ச் சுழற்சியைக் கடல், மேகம், மழை, ஆறு என்று ஒரு வட்டமாகப் போட்டிருப்பார்கள். வட்டத்தின் எல்லாப் பகுதியும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆவியாகி மேலே போன தண்ணீர் காற்றில் தங்குவது சராசரியாக 10 நாள் போல. ஆற்றில் ஓடினால் வாரக்கணக்கு. மண்ணுக்குள் இறங்கிவிட்டால் வருஷக்கணக்கு. ஆழமான பாறை இடுக்கில் பல பத்தாண்டு, சில இடங்களில் ஆயிரக்கணக்கான வருஷம்கூட ஆகும். 1200 அடியில் நீ தேடுவது அந்தப் பழைய தண்ணீரைத்தான். நம் பூமி கெட்டிப்பாறை. அடியில் ஏரி மாதிரி எதுவும் தேங்கி நிற்கவில்லை. பாறை வெடிப்பில் ஊறிய ஈரம்தான் இருக்கிறது. எடுத்தது திரும்ப ஊற, மேலே பெய்ததில் ஒரு பங்கு இறங்கியாக வேண்டும். அது இறங்காதபோது எத்தனை அடி போட்டும் என்ன?

இன்னொன்றையும் யோசி. தண்ணீர் பாறையோடு எவ்வளவு நாள் இருக்கிறதோ அவ்வளவு ஃப்ளோரைடு அதில் கரையும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. கொதிக்கவைத்தாலும் போகாது. நம் வயசுக்காரர்கள் பல்லில் இருக்கும் பழுப்புக் கறை போர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த கறை. மூட்டு மடங்காமல் நடக்கும் பெரியவர்களை நீயே பார்த்திருக்கிறாய். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். இவ்வளவு தெரிந்தும் நாமே இன்னும் ஆழத்துக்குப் போவதா?

மேலே விழுவதைக் கணக்குப் பார். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 85 செ.மீ. பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது 34 லட்சம் லிட்டர். அதில் பெரும்பங்கு வெயிலும் மரங்களும் எடுத்துக்கொள்ளும். அது வீண் இல்லை. மாமரம் இலை வழியாக விடும் ஈரமும் அடுத்த மழைக்குப் போய்ச் சேர்கிறது. நம் கவலை மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிப்போகும் பங்கைப் பற்றித்தான். கீழ்மூலையில், தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டலாம். வரப்பை உயர்த்தி, ஒவ்வொரு மரத்துக்கும் சரிவின் கீழ்ப்பக்கம் பிறை மாதிரி கரை போடலாம். வீட்டு மாடி 1000 சதுர அடி. அதில் மட்டும் வருஷத்துக்கு 79,000 லிட்டர் விழுகிறது. அதை ஜல்லியும் மணலும் போட்ட வடிதொட்டி வழியாகப் பழைய கிணற்றில் விடலாம். மருந்து அடித்த நிலத்துத் தண்ணீர் மட்டும் நேராகக் கிணற்றுக்குப் போகக் கூடாது. அது குட்டையில் நின்று மண் வழியாக ஊறட்டும்.

மழை எப்போது பெய்யும், எவ்வளவு பெய்யும் என்பது நம் கையில் இல்லை. பெய்தது நம் மூன்று ஏக்கர் தோப்பில் எத்தனை நாள் நிற்கும் என்பது நம் கையில் இருக்கிறது. ஒரே வருஷத்தில் கிணறு நிரம்பிவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மூன்று பருவம் பொறுத்துப் பார்ப்போம்.

போர் வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிடாதே. ஆடிக்குள் குட்டை வெட்டி முடிக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வா. எந்த மூலையில் வெட்டுவது என்று நின்று பார்த்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
அக்கா