உள்மூலை

தாயார் எம்முடன் வந்து தங்கியபின் அவருக்கெனத் தனியறை ஒன்று வேண்டியிருந்தது. கூடத்தின் ஒரு பகுதியை ஜிப்சம் பலகையால் மறித்தோம். இரு தாள்களுக்கிடையே ஜிப்சத்தை இறுகச் செய்த பலகை அது. அதன் முன்னோடிக்கு 1894 இல் ஒகஸ்ரின் சக்கெற் என்னும் அமெரிக்கர் காப்புரிமை பெற்றார். செலவைக் குறைக்க எண்ணி, பலகை கல்லுச்சுவரைச் சந்திக்கும் மூலைகளை நாமே பசை அப்பி மூடினோம். படித்தவர்க்கு இது பெரிய வித்தையா என்ற நினைப்பு!

இரண்டு திங்களில் மேலிருந்து கீழாக வெடிப்பு ஓடிற்று. "தம்பி, சுவர் பிரியுது போலக் கிடக்கு" என்றார் தாயார். அவர் சுவரை மட்டும் சொல்லவில்லையோ என்று அன்றிரவு எமக்கு உறக்கமில்லை.

திருத்த வந்தவர் எமது பழைய மாணவர். செங்கோணம் வரையத் தெரியாதவன் என்று கேத்திரகணித வகுப்பில் நாம் வெளியே நிறுத்திய பிள்ளை. பின்னர் வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் இத்தொழிலே செய்தவராம்.

எமது பசையைச் சுரண்டியெறிந்தார். மூலையின் இருபுறமும் புதுப்பசை தடவி, நடுவே மடிப்புள்ள கடதாசி நாடாவை மடித்துப் பதித்தார். பலகையும் கல்லும் ஒருபோல அசைவதில்லை. நாடா இல்லாத பசை வெடிக்கவே செய்யும் என்றார். பின்பு ஆறங்குலத் தட்டைக் கத்தியால் ஒரு பக்கத்தை மட்டும் இழைத்து நிறுத்திவிட்டார். மறுபக்கம் நாளைக்காம்; ஈரமான பக்கத்தில் கத்திமுனை பட்டாற் கீறிவிடும்.

அவருடைய பைக்குள் இரு சிறகு விரித்த மூலைக்கரண்டி ஒன்றும் கிடந்தது. செங்கோணத்திலும் சற்று விரிந்த அதன் தகடுகள் அழுத்தும்போது மடிந்து மூலைக்குள் அமையும். இரு பக்கத்தையும் ஒரே இழுப்பில் முடிக்கும்.

"அதை ஏன் எடுக்கவில்லை?" என்றோம்.

"சேர், அது செங்கோண மூலைக்குத்தான் சரி" என்று மூலைமட்டத்தை வைத்துக் காட்டினார். மட்டத்துக்கும் சுவருக்கும் இடையே விரல் நுழையும் வெளி. எமது மேற்பார்வையில் எழுந்த மறிப்பு!

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. பழைய வகுப்பைப் பற்றி ஒரு சொல் சொல்ல வேண்டுமென்று முற்றத்துக்குச் சென்றோம். அவர் குந்தியிருந்து கத்திகளைக் கழுவிக்கொண்டிருந்தார். காய்ந்த பசை அலகில் ஒட்டியிருந்தால் அடுத்த சுவரிற் கோடு விழும் என்றார். நாம் கிணற்றில் இன்னொரு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றினோம்.