வெளியே தொங்கும் கோட்டு

ரெய்க்யாவிக்,
டிசம்பர் 23, இரவு 11 மணி

பிரியமுள்ள சிநேகிதிக்கு,

உனக்கு அங்கே விடியற்காலை நாலரை மணி. இருபத்துநாலாம் தேதி பிறந்துவிட்டது. அதிரச மாவு இந்த வருஷம் பதமாய் வந்ததா, நட்சத்திரத்துக்கு பல்பு மாற்ற ஆள் கிடைத்தானா, பாட்டுக்குழுப் பிள்ளைகள் எத்தனை மணிக்கு வந்து உன்னை எழுப்பினார்கள், எல்லாவற்றையும் எழுது. சின்ன விஷயம்தானே என்று நீ விட்டுவிடுகிறாயே, அதற்காகத்தான் நான் இங்கே ஏங்கிக்கொண்டிருக்கிறேன்.

என் கம்பளிக் கோட்டு பால்கனிக் கம்பியில் தொங்குகிறது. பனி விழுந்து தோள்பட்டை வெளுத்துவிட்டது. உள்ளே கொண்டுவர முடியாது, அவ்வளவு வாசம். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நியாயமாய் இந்நேரம் நான் ஏழாம் அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருக்க வேண்டும்.

அது எந்த அத்தியாயம் என்று உனக்குத் தெரியும். யோன் ஓலாஃப்சன் நம் கோட்டையில் கழிக்கிற கிறிஸ்துமஸ் இராத்திரி. 1593இல் இந்த நாட்டின் மேற்குக் கடலோரத்தில் பிறந்தவர், டென்மார்க் ராஜாவின் பீரங்கிப் படையில் சேர்ந்து, 1620களில் தரங்கம்பாடிக்குக் கப்பலேறி வந்தார். கோட்டை அப்போதுதான் எழும்பிய காலம். வெடிமருந்து விபத்தில் கை சிதைந்து ஊர் திரும்பி, முதுமையில், 1661இல், தன் கதையைத் தானே எழுதி வைத்தார். நாம் மாங்காயும் மிளகாய்ப்பொடியுமாய் உட்கார்ந்திருந்த அந்தச் சுவரில் நமக்கு முந்நூற்றெழுபது வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐஸ்லாந்துக்காரர் காவல் நின்றார் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவரை விடமுடியவில்லை. அவர் ஊர்க் குளிரையும் இருட்டையும் உடம்பில் வாங்காமல் அவரை எழுதக் கூடாது என்றுதான் இரண்டு மாதத்துக்கு இந்த மாடி அறையை எடுத்தேன்.

ஆறு அத்தியாயம் ஓடியது. ஏழாவதில் மூன்று வாரமாய் நிற்கிறேன்.

காலையில் ஒன்பதுக்கு மேஜையில் உட்காருகிறேன். வெளியே நள்ளிரவு போல இருக்கும். சூரியன் பதினொன்றேகாலுக்கு மேல்தான் தலை காட்டுகிறது, மூன்றரைக்குப் போய்விடுகிறது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு சின்னப் பையனின் பூட்ஸ் இருக்கிறது. பதினொன்றாம் தேதி இரவிலிருந்து தினமும் அந்த ஒற்றைப் பூட்ஸை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போகிறான். இங்கே ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா போதாது. மலையிலிருந்து பதின்மூன்று பேர் ராத்திரிக்கு ஒருவராய் இறங்கி வருகிறார்கள். ஒருவன் கரண்டியை நக்குகிறவன், ஒருவன் பானை சுரண்டுகிறவன், ஒருவன் ஜன்னலில் எட்டிப் பார்க்கிறவன். பதினெட்டாம் தேதிக்காரனுக்குக் கதவை அறைந்து சாத்துவது வேலை. இன்றைக்கு வந்தவன் கொக்கி போட்டு இறைச்சி திருடுகிறவன். நாளைக்கு வருகிற கடைசி ஆள் பிள்ளைகளின் மெழுகுவத்தியைத் தேடி வருவான். நல்ல பிள்ளையின் செருப்பில் ஏதாவது பரிசு இருக்கும். பொல்லாத பிள்ளைக்கு உருளைக்கிழங்கு.

அந்தப் பூட்ஸைப் பார்த்தபடி நான் எழுத வேண்டும். எப்படி எழுதுவது? கதவை அறைகிறவன் வந்த அன்று யோன் கோட்டை வாசலில் நிற்பதாக ஒரு வரி எழுதினேன். இந்தப் பதின்மூன்று பேரும் அவர் காலத்தில் இருந்தார்களா என்று தேடப் போனேன், ஒரு பகல் முழுக்கப் போய்விட்டது. பதின்மூன்று என்கிற கணக்கையும் இந்தப் பெயர்களையும் ஊரெல்லாம் மனப்பாடமாக்கியது யோஹன்னஸ் ஊர் கோட்லும் என்கிற கவிஞர் 1932இல் வெளியிட்ட பிள்ளைப் பாட்டுப் புத்தகமாம். அதற்கு முன்னே இவர்கள் சிரிக்கிற ஆட்கள் இல்லை. இவர்களுடைய தாய் கிரிலா ஓர் அரக்கி, பிள்ளைகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய்க் குழம்பு வைக்கிறவள். பெற்றவர்கள் இவர்களைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்தியது எல்லை மீறிப் போய், 1746இல் டென்மார்க் அரசு அதற்குத் தடை போட்டிருக்கிறது. அதே ராஜ்ஜியத்தின் கீழ்தான் நம் ஊரும் 1845 வரை இருந்தது. அந்த ராஜாக்கள் போட்ட சட்டங்களில் எனக்கு மனசாரப் பிடித்தது இது ஒன்றுதான்.

ஆனால் பயமுறுத்த இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. கிறிஸ்துமஸ் பூனை. கிரிலாவின் வீட்டுப் பூனை, வீட்டை விடப் பெரிது. கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி கிடைக்காதவர்களைத் தின்றுவிடுமாம். பண்டிகைக்குள் கம்பளி நூற்று நெய்து முடிக்க ஆட்களை விரட்டுவதற்குப் பிறந்த கதை என்கிறார்கள். நகரத்தின் நடுவே அதற்கு ஆள் உயரத்துக்கு மேலே இரும்பில் உருவம் செய்து, ஆயிரக்கணக்கான விளக்கு சுற்றி வைத்திருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாய் அதன் கீழே நின்று படம் எடுக்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை நானும் போனேன். அதன் முன்னங்கால் பக்கத்தில் நின்றபோது எனக்கு வந்த கோபத்தை உன்னிடம்தான் சொல்ல முடியும். துணி வாங்க முடியாதது பிள்ளையின் குற்றமா? பூனை ஏன் பிள்ளையைத் தின்ன வேண்டும்? செருப்பில் உருளைக்கிழங்கும் அப்படித்தான். அப்பாவிடம் காசில்லாத வருஷம் பிள்ளை தன்னைப் பொல்லாதவன் என்றுதான் நினைத்துக்கொள்ளும். அன்றைக்கு இரவு ஒரு வரி எழுதவில்லை.

சரி, வாசத்துக்கு வருகிறேன்.

இன்றைக்குத் தோர்லாக் புனிதரின் நாள். 1193இல் இதே டிசம்பர் 23ஆம் தேதி இறந்த ஆயர். பதினாறாம் நூற்றாண்டில் நாடு லூத்தரன் ஆனபோது புனிதர் வழிபாடெல்லாம் போய்விட்டது. இந்த நாளில் இறைச்சி தின்னாமல் மீன் தின்கிற வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. அந்த மீன் ஸ்காத்தா. நம் ஊர்த் திருக்கைக்கு ஒன்றுவிட்ட உறவு, அதே விசிறி உடம்பு. அதைப் புளிக்க விட்டு இன்றைக்கு வேகவைக்கிறார்கள். வீட்டுக்காரப் பாட்டி நேற்றே சொல்லிவிட்டார்: "நாளை மத்தியானம் என் தம்பி வீட்டு கார் ஷெட்டில் சாப்பாடு. நல்ல உடுப்புப் போடாதே."

தெருத் திருப்பத்திலேயே வந்துவிட்டது. ஒன்பதாம் வகுப்பு ஆய்வுக்கூடத்தில் நீ அம்மோனியா புட்டியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணில் தண்ணீர் கொட்ட வராந்தாவுக்கு ஓடினாயே, அதே நெடிதான். இங்கே அது புட்டியில் இல்லை, காற்று முழுக்க இருந்தது. ஷெட் கதவைப் பாதி தூக்கி வைத்து, கேஸ் அடுப்பில் பெரிய அலுமினியக் குண்டானை ஏற்றியிருந்தார்கள். மரப்பலகை மேஜை, காகிதத் தட்டு, பதினைந்து பேர். பலகை ஓரத்தில் ஒரு கிழவர் உருளைக்கிழங்குத் தோலை விரலால் உரித்து உரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

தட்டில் வந்த துண்டு மஞ்சளும் ரோஸும் கலந்த நிறம். நடுவில் எலும்பில்லை, குருத்து மட்டும், சீப்புப் பல் வரிசை போல. முள்கரண்டியால் தொட்டதும் சதை நூல் நூலாய்க் கழன்று வந்தது. அதன் மேல் உருக்கிய ஆட்டுக்கொழுப்பைக் கரண்டியில் மொண்டு ஊற்றுகிறார்கள். தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு, வெண்ணெய் தடவிய கறுத்த ரை தானிய ரொட்டி. முதல் வாய் நாக்கில் ருசியாகவே தெரியவில்லை. மேலண்ணத்தில் ஒரு காரம் பற்றி, அங்கிருந்து மூக்குத் துவாரம் வழியே நெற்றி வரை ஏறியது. மிளகாய்க் காரம் இல்லை, வேறு காரம். கண் தானாக வழிந்தது. பாட்டி என் முதுகைத் தடவி, ரொட்டியைக் கடிக்கச் சொன்னார். மூன்றாவது வாயில் நாக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. அம்மா மழைக்காலத்தில் சுறாக் கருவாட்டை வெந்நீரில் போட்டு அலசும்போது அடுப்படியில் எழுமே ஒரு வாடை, அதற்குள் நேராகப் போய் நின்றேன். ஒரு பச்சை மிளகாயும் இரண்டு சின்ன வெங்காயமும் மட்டும் இருந்திருந்தால், நான் இரண்டாவது தட்டு கேட்டிருப்பேன்.

பாட்டியின் தம்பி நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர். ஏன் இது கெட்டுப்போவதில்லை என்று கேட்டேன். திருக்கை, சுறா இனங்கள் உடம்பில் யூரியாவைத் தேக்கி வைத்துக்கொண்டுதான் கடல் உப்புக்கு ஈடு கொடுக்கின்றன. செத்த பிறகு அந்த யூரியா அம்மோனியாவாய் மாறுகிறது, அந்த நெடியில் மற்றக் கிருமி தங்காது. வெயிலும் இல்லை, அந்தக் காலத்தில் உப்பும் அரிது. இந்த நாட்டில் மீனே தன்னைப் பாதுகாத்துக்கொள்ள வழி வைத்திருக்கிறது. நம் ஆட்கள் உப்பையும் வெயிலையும் வைத்துச் செய்த காரியம்தானே இது. கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

முன்பு இது மேற்குக் கடலோரத்து மக்களின் பழக்கமாம். பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்தவர்கள் கூடவே கொண்டுவந்தார்கள். இப்போது அடுக்குமாடிகளில் இதனால் சண்டை வருகிறது, மாடிப்படி நாறுகிறது என்று. அதனால்தான் கார் ஷெட். சென்னையில் நான் வீடு தேடி அலைந்தபோது வாசலிலேயே நிறுத்தி "மீன், கருவாடு சமைப்பீர்களா?" என்று கேட்டவர்களை நினைத்துக்கொண்டேன். நான் பொய் சொல்லிக் குடிபோன அந்த வீட்டில் எட்டு மாதம் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் நெத்திலி வறுத்தேன். இந்த மனிதர்கள் வருஷத்தில் ஒரு நாளாவது கதவைத் தூக்கி வைத்துவிட்டு வேகவைக்கிறார்கள். அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

உருளைக்கிழங்கு உரித்த கிழவர்தான் இன்னொன்று சொன்னார். சின்ன வயதில் அவருக்கு இந்த மீன் பிடிக்கவே பிடிக்காது. அம்மா இருந்தவரை ஒரு வாய் தின்றதில்லை. அம்மா செத்த வருஷம் டிசம்பர் 23 வந்தபோது வீட்டில் அந்த நாற்றம் இல்லை. அன்று மத்தியானமே போய் வாங்கி வந்தார். "இப்போதும் பிடிக்காது," என்றார், அடுத்த துண்டை எடுத்துக்கொண்டே. மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுத ஒரு குட்டிப் பெண்ணுக்கு யாரோ ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்து மடியில் உட்கார்த்தி வைத்தார்கள். தின்னென்று யாரும் அதட்டவில்லை. இப்படி ஒரு வழக்கமாக இருந்தால் நான் கடைசிவரை கூடவே இருப்பேன். யார் என்ன உடுத்தி வந்தார்கள் என்று அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது, எல்லோரும் இருப்பதில் பழையதைத்தான் போட்டு வந்திருந்தார்கள்.

திரும்பி வந்ததும் பாட்டி வானொலியை வைத்தார். இன்றைக்கு ஒரு நிகழ்ச்சி. நாட்டு மக்கள் அனுப்பும் வாழ்த்துகளை மணிக்கணக்காய் வாசிக்கிறார்கள். இன்ன பண்ணை வீட்டிலிருந்து இன்ன குடும்பம், உற்றார் உறவினர் எல்லோருக்கும் நல்ல கிறிஸ்துமஸ். அவ்வளவுதான். பின்னே அடுத்த பண்ணை. எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் தரைப்பலகை வழியே மேலே வருகிற அந்தக் குரலை விட்டு என்னால் பேனாவுக்குப் போக முடியவில்லை. நாளை மாலை ஆறு மணிக்குக் கோயில் மணி இதே வானொலியில் அடிக்கும். அந்த நிமிஷம்தான் இங்கே கிறிஸ்துமஸ் பிறக்கிறது. அதன் பிறகு பரிசாக வந்த புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு படுக்கைக்குப் போகிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மற்ற இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்தும் காகிதத்துக்கு அவ்வளவு இல்லாததால் புத்தகம் பரிசானது. 1944 முதல் புதுப் புத்தகங்களின் பட்டியலை அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பிவந்தார்களாம். இந்த ஒரு வழக்கத்தை மட்டும் மூட்டை கட்டி நம் ஊருக்குக் கொண்டுவர ஆசை.

ஏன் ஏழாம் அத்தியாயம் நகரவில்லை என்று இன்று ராத்திரிதான் எனக்குத் தெரிந்தது. பூட்ஸின் மேலும் வானொலியின் மேலும் பழி போட்டுக்கொண்டிருந்தேன். கிழித்துப் போட்ட தாள்களை எடுத்துப் பார்த்தேன். நான்கு தடவை எழுதியிருக்கிறேன். நான்கிலும் யோன் கோட்டைக் கோயிலில் ஜெபத்துக்குப் போகாமல், காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்கிறார். முப்பது வயது பீரங்கிக்காரன் எதற்குப் பொய்க் காய்ச்சல் படுக்க வேண்டும்?

எட்டாம் வகுப்பு படித்த வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பாவுக்கு வேலை போன வருஷம். கிறிஸ்துமஸ் அன்று நான்கு மணி ஆராதனைக்கு எல்லோரும் புறப்பட்டபோது எனக்குக் காய்ச்சல் என்றேன். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். நெற்றி குளிர்ந்துதான் இருந்திருக்கும். ஒன்றும் சொல்லாமல் ஒரு துணியை நனைத்து மேலே போட்டுவிட்டுத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் நீ அதிரசத் தூக்கோடு வந்தாய். உனக்குக் கும்பகோணத்திலிருந்து பச்சைப் பட்டுப்பாவாடை எடுத்திருந்ததை ஒரு மாதமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. ஆனால் வந்தது பள்ளிக்கூடச் சீருடையில். நீல பாவாடையில் இடது பக்கம் மை ஊற்றிய கறை. பாயில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கணக்கு வாத்தியாரைப் பற்றி ஏதோ பேசினாய். எனக்கு அன்று அது ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. முப்பது வருஷம் கழித்து, இரும்புப் பூனையின் காலடியில் நின்றபோதுதான் அந்த மைக்கறை கண் முன்னால் வந்தது.

யோன் காய்ச்சலில் படுத்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் பாயருகே யாரோ ஒருவர் வந்து உட்கார வேண்டும். அது யார் என்று இன்னும் தெரியவில்லை.

நீ பதில் எழுதும்போது இதை மட்டும் மறக்காமல் எழுது. அன்றைக்குப் பாவாடையை மாற்றிக்கொண்டு போ என்று உங்கள் அம்மா சொன்னார்களா, நீயாகத்தான் மாற்றினாயா?

உன்
சிநேகிதி