கையால் ஓடுகிறது, தானாக ஓடவில்லை

சிவகாசி, ஜூலை 28, 2025, திங்கள்

ஆடிப்பெருக்கு நெருங்குகிறது. அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை அன்று வெளியிட, எங்கள் அச்சக முதலாளி அண்ணாச்சி நாள் குறித்துவிட்டார். மதியம் மின்சாரம் போய் வந்ததும் பிளேட் பிரிவில் வேலை நின்றது. முடிந்த பக்கங்களைப் பிளேட் இயந்திரத்துக்கு அனுப்பும் நிரல் லினக்ஸ் கணினியில் இருக்கிறது. கணினி தானாக எழுந்துகொண்டது, நிரல் எழவில்லை. உள்நுழைந்து கையால் ஓடவிட்டால் உடனே ஓடுகிறது. ஒரு பக்கத்துக்கு நான்கு நிறம், நான்கு பிளேட். இங்கே தாமதமானால் கீழே அச்சு இயந்திரமும் சும்மா நிற்கும்.

ஜூலை 29, செவ்வாய்

காலையில் பதிவுகளைத் திறந்தேன். இந்தக் கணினியில் டெபியன். 2015-இல் வந்த 8ஆம் பதிப்பிலிருந்தே அதில் சேவைகளைத் தொடங்கி வைப்பது சிஸ்டம்டி. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் நேற்றைய பதிவைக் கேட்டதும், ‘200/சிஎச்டிஐஆர்’ என்ற வரி கண்ணில் பட்டது. வேலை செய்ய வேண்டிய கோப்புறைக்குள் நிரலால் போக முடியவில்லை என்று அர்த்தம். அதே வரி மளமளவென்று ஐந்து முறை, பிறகு ஒன்றுமில்லை. 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைக்காத சேவையை அதற்கு மேல் சிஸ்டம்டி தொடாது. தனியாக மாற்றாதவரை அதுதான் விதி.

கோப்புறை இருப்பது யுஎஸ்பி வட்டில். இப்போது பார்த்தால் கோப்புறை இருக்கத்தான் செய்கிறது.

ஜூலை 30, புதன்

உடன் வேலை பார்க்கும் தம்பி, பள்ளியில் அரசு தந்த விலையில்லா மடிக்கணினியில் பாஸ் லினக்ஸ் பழகியவன். “அண்ணே, ஒரு நிமிஷம் காத்திருந்து தொடங்கச் சொல்லிப் பார்ப்போமா?” என்றான். பலரும் செய்வது அதுதான். ஆனால் இங்கே ஒரு மணி நேரம் காத்தாலும் பயனில்லை. ஒருவர் கடவுச்சொல் போட்டு உள்நுழைந்த பிறகுதான் திரைச்சூழல் அந்த வட்டை இணைக்கிறது. நாங்கள் சோதித்தபோதெல்லாம் உள்ளே இருந்தோம், அதனால் வட்டும் இருந்தது.

வட்டின் யுயுஐடி எண்ணை எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதி, யாரும் உள்நுழையாமலே, கணினி எழும்போதே நிலையான ஓர் இடத்தில் இணையும்படி செய்தேன். வட்டு இல்லாவிட்டாலும் கணினி எழ வேண்டும் என்பதால் ‘நோஃபெயில்’ சேர்த்தேன். சேவைக் கோப்பில் புதிய பாதையைக் கொடுத்து, அந்த இணைப்பு வந்த பிறகே தொடங்க வேண்டும் என்ற வரியையும் போட்டேன்.

ஜூலை 31, வியாழன்

வேலை முடிந்ததும் மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டோம். விசைப்பலகையை யாரும் தொடவில்லை. பக்கத்துக் கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகப் பார்த்தால், வட்டு இணைந்திருந்தது, சேவை ஓடிக்கொண்டிருந்தது. சோதனைப் பக்கம் ஒன்று பிளேட்டாகி வந்தது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

ஆல்பம் வெளிவந்தது. கணினி பார்த்துக்கொள்ளும் தம்பிமார்களுக்கு ஒன்று சொல்வேன்: தானாகத் தொடங்க வேண்டிய நிரலை, யாரும் உள்நுழையாத நிலையில், மின்சாரத்தை நிறுத்திப் போட்டுச் சோதியுங்கள். கையால் ஓட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது.