வடித்த நீரை எங்கே ஊற்றுவது?

காரின் ரேடியேட்டரைக் கழுவும் வேலையை நாங்கள் ஃபஜ்ர் தொழுகைக்குப் பின்னரே வைத்துக்கொள்கிறோம். இரவெல்லாம் நின்ற வண்டி அப்போதுதான் முழுவதும் ஆறியிருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் அடைபட்டிருந்த கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும்.

பழைய கூலண்டை வடித்து, நீர் நிரப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இயந்திரத்தை ஓடவிட்டு, ஆறியபின் மீண்டும் வடிக்கிறோம். தெளிந்த நீர் வரும்வரை இப்படியே. போர் தண்ணீரின் உப்பு உள்ளே படியும் என்பதால், பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரையே வாங்குகிறோம். இதெல்லாம் எளிது.

வடித்ததை என்ன செய்வது என்பதுதான் பெரும்பாடு. வாசல் சாக்கடையில் ஊற்றிவிடுவதே பலரது வழக்கம். பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, கொடிய நஞ்சு. பூனையொன்று சிறிதளவு நக்கினாலும் சிறுநீரகம் செயலிழந்து மடியும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. பூனையை அடைத்துவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் ஹதீஸை மதரஸாவில் ஓதி வளர்ந்தவர்கள் நாம். தெருப்பூனைக்கு நஞ்சு வைத்துவிட்டு, வண்டியைப் பராமரித்தோம் என்று சொல்ல முடியுமா?

ஆகவே, வடியும் நேரமெல்லாம் ஒருவர் தொட்டியருகே அமர்ந்திருப்போம். தரையில் சிந்தியதை மணலிட்டு அள்ளிவிடுவோம். வடித்ததைத் திருகுமூடிக் கேனில் அடைத்து, "நஞ்சு" என்று எழுதி ஒட்டுவோம்.

இம்முறை, அருகிலுள்ள பட்டறையில் கேட்டபோது, "சாக்கடையிலேயே ஊத்திடுங்க பாய்" என்றார்கள். கேன் இப்போது பூட்டிய அறையில் இருக்கிறது. வாங்கிக்கொள்ளும் இடத்தை விசாரித்துவருகிறோம்.