குளிர்நீர் மீனும் தோட்டத்துப் பிள்ளையும்

மீன் பிடித்தலை வயிற்றுப்பாட்டிற்குரிய தொழிலென்றே நம்மவர் கருதுவர். கிளேபாங் கடலோரத்தில் வலைஞர் படும் பாட்டைக் காணும் நமக்கு அஃது இயல்பே. மேனாட்டாரோ அதனைப் பொழுதுபோக்காகவும் கலையாகவும் வளர்த்துள்ளனர். பனிக்காலத்து ஆறுகளில் சுழல்தகடு கட்டிய தூண்டிலால் டிரௌட், சார் என்னும் மீன்களைப் பிடித்தல் அக்கலையின் ஒரு பிரிவாகும்.

இவ்விரண்டும் சாமன் மீனின் இனத்தவை. டிரௌட்டின் மேனியில் கரும்புள்ளிகளும், சாரின் மேனியில் வெளிர்புள்ளிகளும் காணப்பெறும். நீர் குளிரக் குளிர அதிற் கரைந்துள்ள பிராணவாயு மிகுமாதலின், இவை குளிர்ந்த ஓடைகளையே நாடும். ஆயினும் கடும்பனியில் இவற்றின் உடல் தளர்ந்துவிடும். மடுக்களின் அடியில் ஒடுங்கிக் கிடக்கும். இரையைத் துரத்தி நெடுந்தொலை ஓடா. ஆதலின், தகடு சுழலும் அளவிற்கு மட்டும் அதனை அடியோரமாக மெல்ல இழுத்தல் வேண்டும். அதன் ஒளியையும் அதிர்வையும் உணர்ந்து மீன் கவ்வும். இதற்குதவும் நூற்சக்கரத்திற்கு 1905-இல் காப்புரிமை பெற்றவர் இல்லிங்வர்த் என்னும் ஆங்கில ஆலை முதலாளி. ஆலைக் கண்டின் முனைவழியே நூல் கழலும் முறையே அவருக்கு வழிகாட்டிற்றென்பர்.

சாரும் பழுப்பு டிரௌட்டும் இலையுதிர் காலத்தில் பருக்கைக் கற்களிடையே முட்டையிடும். அவை பனிக்காலத்தை அங்கேயே கழிக்கும். அக்கற்களை மிதியாதிருத்தல் நல்ல தூண்டிற்காரன் ஒழுக்கம்.

நம்மவர் உழைத்த மலைகளுக்கும் டிரௌட் வந்தது. 1863-இல் நீலகிரிக்கு அதனைக் கொணரப் பிரான்சிஸ் டே செய்த முயற்சி கைகூடவில்லை. மறு ஆண்டே கப்பல்வழியே முட்டைகளைப் பாசியிற் பொதிந்து, பனிக்கட்டியின் கீழ் வைத்து, இங்கிலாந்திலிருந்து டாஸ்மேனியா வரை உயிருடன் சேர்த்தனர். 1882-இல் நுவரெலியாவிலும் டிரௌட் விடப்பெற்றது. 1907-இல் நீலகிரி அவலாஞ்சியில் குஞ்சு பொரிக்கும் நிலையம் எழுந்தது. துரைமார் தூண்டிலிட்டு மகிழ்ந்தனர்.

அன்பர்களே, ஒன்றை உற்று நோக்குமின். முயற்சி தோற்றபோது, "இம்மீன் பிறப்பிலேயே தாழ்ந்தது" என்று கைவிட்டாரில்லை. குளிர் போதுமா, நீர் தூயதா, காற்று உண்டா என்றே வினவினர். 1938-இல் நிறுத்தப்பெறும் வரை கங்காணிமார் திரட்டிக் கப்பலின் மேல்தட்டில் ஏற்றிவந்த நம் முன்னோர்க்கு அத்தகைய வினவல் வாய்த்ததா? முட்டைக்குக் கிடைத்த பரிவு மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

அதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. ஏழைப் பிள்ளையொன்று தேர்வில் தோற்றால், "அதன் தலையெழுத்து", "அந்தச் சாதிக்கு அவ்வளவே புத்தி" என்பார் நம்முள்ளேயே உளர். காலையில் அது பசியாறிற்றா, வீட்டில் அமர்ந்து படிக்க இடமுண்டா, ஐயம் தீர்ப்பார் உண்டா என வினவுவார் சிலரே.

டிரௌட்டைக் கிளேபாங் குளமொன்றில் விட்டால் அது மாளும். குற்றம் மீனிடத்ததன்று, வெந்நீர்போற் காயும் குளத்தினது. பிறப்பைப் பழித்தல் எளிது. நீரை மாற்றுதலே அறிவுடைமை. மீனுக்குச் செய்த ஆராய்ச்சியை நம் மக்களுக்குச் செய்வோமாக.