வைஸின் உயரம்

ஜூன் 8, ஞாயிறு

காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் கார் ஷெட்டை அளந்தேன். உள்ளளவு 10 அடிக்கு 18 அடி. தெருப்பக்கம் ரோலிங் ஷட்டர், வீட்டுக்குள் போக ஒரு கதவு, மேலே ஷீட். வீடு கட்டிய நாளிலிருந்து இதற்குக் கார் ஷெட் என்றுதான் பெயர். மாருதி 800 நின்றது பாதிக் காலம்தான். பதிவுக்குப் 15 வருடம் ஆனதும், புதுப்பிக்க அலைய மனமில்லாமல் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு வீட்டில் எதற்கெல்லாம் இடமில்லையோ அதற்கெல்லாம் இதுதான் இடம்.

மறைமலை நகர் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் டூல்ரூமில் முப்பது வருடம் இருந்துவிட்டு, ஓய்வுபெற்ற ஆறாவது மாதம் ஒரு கதவுக் கீலுக்குத் துளை போட இடமில்லாமல் சமையல் மேடையில் வைத்துத் துளைத்தேன். மேடை கிரானைட்டில் ஒரு கீறல். “ஏங்க, இதுக்கு ஒரு வழி பண்ணுங்க” என்றாள் வீட்டுக்காரி. பட்டறைக்கு அனுமதி கிடைத்தது இப்படித்தான்.

ஜூன் 15, ஞாயிறு

ஷெட்டைக் காலி செய்தோம். கம்பெனியில் பழகிய ரெட் டேக் முறை: தேவையா இல்லையா என்று தெரியாத பொருளில் சிவப்பு அட்டை கட்டு, கெடு முடிந்தும் யாரும் கேட்கவில்லை என்றால் வெளியே போடு. பாடியிலிருந்து ஒரகடம் வரை எந்த உதிரிபாகக் கம்பெனிக்குப் போனாலும் சுவரில் செய்ரி, செய்டன், செய்சோ என்று ஜப்பான் சொற்கள் ஒட்டியிருக்கும். 1998-ல் பாடி சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்குத் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசு கிடைத்த பிறகு இந்தப் பக்கத்துக் கம்பெனிகளுக்கெல்லாம் அந்த ஜுரம் பிடித்துக்கொண்டது. வீட்டில் அது எடுபடாது என்பதை மத்தியானத்துக்குள் தெரிந்துகொண்டேன்.

இரண்டு பிளாஸ்டிக் டிரம், ஓட்டை குக்கர், கைப்பிடி போன மிக்சி, யாரும் உட்காராத ஒரு பலா மணை. நான் கட்டிய பதினாறு அட்டையில் ஒன்பதை அவள் அவிழ்த்துவிட்டாள். மணையில் கட்டியதைப் பார்த்ததும் ஒன்றும் பேசவில்லை. அட்டையைப் பிய்த்து என் கையில் கொடுத்துவிட்டு மணையை உள்ளே எடுத்துப் போனாள். அது அவள் அம்மா வீட்டு மணை. கேட்டுவிட்டுக் கட்டியிருக்கலாம்.

ஜூலை 5, சனி

கொத்தனார் வந்தார். தரை வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. கார் கழுவின தண்ணீர் ஓடுவதற்காக அன்றைக்கு நானே கேட்டு வாங்கிய வாட்டம் அது. ரசமட்டம் வைத்தால் குமிழ் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. மொத்தத் தரையையும் உடைத்து மட்டம் பண்ணலாம் என்றார். வேண்டாம், மேஜைக் காலுக்குக் கீழே போல்ட் வைத்துத் திருகி மட்டம் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வாட்டம் இருக்கட்டும், உள்ளே தண்ணீர் வந்தால் வெளியே போக ஒரு வழி வேண்டும்.

தண்ணீர் வராமல் இருக்குமா என்பது வேறு விஷயம். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே கொட்டியதில் தெரு ஏறிவிட்டது, வீடு இறங்கிவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்டது எல்லோருக்கும் தெரியும். 2023-ல் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் ஷட்டருக்கு அடியிலும் நாலு விரல்கிடை தண்ணீர் புகுந்தது. அதனால் வாசலில் அரையடிக்கு ஒரு கட்டு. இனி ஸ்கூட்டர் உள்ளே ஏறாது. “அப்ப என் வண்டி?” என்றாள் மகள். வேப்ப மரத்தடியில் நிற்கட்டும்.

ஜூலை 19, சனி

இன்று முழுக்கக் கரண்ட் வேலை.

பட்டறை என்றதும் எல்லோரும் மெஷினைப் பற்றியே கேட்கிறார்கள். எதிர்வீட்டுக்காரர் ஃபோர்டில் அசெம்ப்ளி லைனில் இருந்தவர். 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று கம்பெனி அறிவித்த வாரம் இந்தத் தெருவே சாவு வீடு மாதிரி இருந்தது. இப்போது சொந்தமாக கால்டாக்சி ஓட்டுகிறார். எட்டிப் பார்த்துவிட்டு, “எர்த் போட்டீங்களா சார்?” என்றார். இதுவரை வந்தவர்களில் சரியான கேள்வி கேட்டவர் இவர் ஒருவர்தான்.

வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் குழி. ஜிஐ பைப்பை நட்டு, கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றிக் கொட்டி மூடினோம். உப்பு ஈரத்தை இழுத்து வைக்கும், கரி அதைப் பிடித்து வைக்கும். மண் காய்ந்தால் எர்த் வேலை செய்யாது. சித்திரை வைகாசியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற மேலே புனல் வைத்திருக்கிறது.

வீட்டு போர்டிலிருந்து பட்டறைக்குத் தனி லைன். அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஃபேஸில் போன மின்சாரம் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் மீதி எங்கோ கசிந்து, ஒருவேளை யார் உடம்பு வழியாகவோ, மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம். கண் இமைப்பதற்குள் அணைந்துவிடும். எலக்ட்ரீஷியன் பையன் “எம்சிபி போதும் சார், இது எதுக்கு?” என்றான். எம்சிபி ஒயரைக் காப்பாற்றும் தம்பி, ஆளைக் காப்பாற்றாது. டூல்ரூமில் ஒருமுறை ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்ட ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். பிழைத்துக்கொண்டான். அதற்குமேல் எழுத வேண்டாம்.

சாக்கெட் எல்லாம் மார்பு உயரத்தில், ஆறு இடத்தில் 16 ஆம்பியர். கீழே ஒன்றுகூடக் கிடையாது. மிக்ஜாம் தண்ணீர் ஏறிய கோடு இன்னும் சுவரில் இருக்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

வேலைத் துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வாங்கப் பாரிமுனை. பொத்தேரியில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கி, செம்புதாஸ் தெரு, லிங்கிச் செட்டித் தெரு என்று சுற்றல். வலைத்தளத்தில் வாங்கலாமே என்றாள் மகள். வைஸைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. தாடை இரண்டையும் மூடி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடிக்க வேண்டும். கோடு போல வெளிச்சம் ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் தாடை இணையாக இல்லை. பிறகு நகரும் தாடையைப் பாதி திறந்து மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஆட்டம் இருந்தால் அந்த ஆட்டம் நாம் செய்யும் பொருளுக்கும் வரும். மூன்றாவது கடையில்தான் மனசுக்குப் பிடித்தது, ஐந்து அங்குலம். நான் ஆட்டிப் பார்ப்பதைக் கண்ட கடைக்காரர், “டூல்ரூமா?” என்று கேட்டுவிட்டு அதற்குமேல் விலை பேசவில்லை, கொஞ்சம் குறைத்தே சொன்னார்.

கூடவே 12 அங்குலத் தட்டை அரம் முரடு ஒன்று, மென்மை ஒன்று. சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஆடித் தள்ளுபடிப் பைகளோடு தாம்பரத்தில் ஏறிய அம்மா ஒருவர் இடம் கேட்டு சாக்கைத் தள்ளப் பார்த்தார். நகரவில்லை. “என்ன தம்பி, அம்மிக்கல்லா?” என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மேஜைக்குப் பலகை. கூடுவாஞ்சேரி மரவாடியில் புது மரம் கேட்ட விலையில் திரும்பிவிட்டேன். இடித்த வீட்டுத் தேக்கு விட்டம் ஒன்று கிடைத்தது. புது மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். இது சுருங்க வேண்டியதெல்லாம் என் தாத்தா காலத்திலேயே சுருங்கி முடித்தது.

அறுப்பதற்கு முன்னால் காந்தத்தை நூலில் கட்டி விட்டத்தின் மேல் ஓட்டிப் பார்த்தேன். பதினோரு இடத்தில் இழுத்தது. குறடு போட்டு எல்லா ஆணியையும் பிடுங்கினேன். பன்னிரண்டாவது ஆணியை ரம்பம் கண்டுபிடித்தது. தலை உடைந்து ஆழத்தில் இருந்திருக்கிறது. ரம்பத்தில் நாலு பல் காலி. ஆசாரி என்னைப் பார்க்கவில்லை, ரம்பத்தைத்தான் பார்த்தார். நானும் ரம்பத்தையே பார்த்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

வெளிச்சம். நடுவில் ஒரே லைட் போட்டால் வேலை செய்கிறவன் நிழல் வேலை மேலேயே விழும். மேஜைக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்தள்ளி, நீளவாக்கில் இரண்டு எல்இடி பட்டை. துளை மெஷினுக்குத் தனியாக ஒன்று.

பழைய சோக் டியூப்லைட் கழற்றி வைத்தது இருந்தது, அதையே போடலாம் என்றாள் வீட்டுக்காரி. சுற்றும் மெஷினுக்கு மேலே அது ஒன்றை மட்டும் போடக் கூடாது. நம் கரண்ட் விநாடிக்கு 50 சுழற்சி, டியூப் விநாடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. மெஷினின் சுற்று அதோடு ஒத்துப்போனால் ஓடுகிற சக் நிற்பது போலத் தெரியும். நின்றுவிட்டது என்று கை வைத்தவர்கள் உண்டு. இதற்காகவே பழைய தொழிற்சாலைகளில் பக்கத்துப் பக்கத்து விளக்குகளை வேறு வேறு ஃபேஸில் மாட்டுவார்கள். மலிவான எல்இடியும் இப்படி மினுக்கும். செல்போன் கேமராவில் பார்த்தால் கோடு கோடாக ஓடும். இரண்டு பட்டையைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கினேன்.

செப்டம்பர் 13, சனி

பக்கத்து மாடியில் குடியிருக்கும், எஸ்ஆர்எம்மில் படிக்கும் பையன்கள் இரண்டு பேர், ப்ராஜெக்டுக்கு அலுமினியத் தகட்டில் நாலு துளை வேண்டும் என்று வந்தார்கள். கிரைண்டர் சத்தத்துக்குச் சண்டை போட வருகிறார்கள் என்று நினைத்தேன். தேர்வு வாரத்தில் மட்டும் ஓட்டாதீங்க அங்கிள் என்று நயமாகச் சொல்லிவிட்டு, துளையையும் போட்டுக்கொண்டு போனார்கள்.

மகளும் மெக்கானிக்கல்தான், இரண்டாம் வருடம். கம்ப்யூட்டரில் கியர்பாக்ஸ் வரைகிறாள். அரம் பிடித்ததில்லை. அவள்தான் சொன்னாள்: பாலோ ஆல்டோவில் ஹ்யூலெட்டும் பேக்கார்டும் 1939-ல் கம்பெனி தொடங்கிய கார் ஷெட் 12 அடிக்கு 18 அடியாம். கையிலிருந்தது 538 டாலர், ஒரு பழைய துளை மெஷின். அங்கே செய்த ஆடியோ ஆஸிலேட்டரை ‘ஃபேன்டேஷியா’ படத்துக்காக டிஸ்னி எட்டு வாங்கியது. “நம்முது ரெண்டு அடிதான்பா கம்மி” என்றாள். பழைய துளை மெஷின் என்ற இடத்தை மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன்.

செப்டம்பர் 27, சனி

துருவைப் பற்றி. ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். சுத்தமான இரும்பில் விரல் பட்ட இடம் மறுநாள் ரேகையோடு சிவந்திருக்கும். அலமாரியில் மூன்று ஏற்பாடு: அளவுக் கருவிகளுக்கு மெல்லிதாக மெஷின் எண்ணெய், பெட்டிக்குள் துணியில் முடிந்த கற்பூரம், அலமாரிக்கு அடித்தட்டில் எப்போதும் எரியும் ஒரு சின்ன குண்டு பல்பு. பல்பு சூடு ஈரத்தை விரட்டும். கற்பூரம் காணாமல் போகிறது என்று பூஜை அறையிலிருந்து புகார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. வைஸுக்குச் சந்தனம், அரங்களுக்குக் குங்குமம், ஷட்டரில் மாவிலை. எதிர்வீட்டுக்காரர் டாக்சியையும் நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் பொட்டு வைத்தார். இன்றைக்கு எதையும் எடுத்து வேலை செய்யக் கூடாது. நாலு மாதத்தில் முதல் முறையாக உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தபோது எங்களுக்கு முதல் பாடம் அரம்தான். ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்து நாலு பக்கமும் சதுரமாக ராவு என்று விட்டுவிடுவார்கள். வாரக்கணக்கில் வேறு எதுவும் கிடையாது. உள்ளங்கை கொப்புளித்து உடைந்து காய்க்கும். அதே மாதிரி ஒரு துண்டை மகளிடம் கொடுத்தேன்.

வைஸைப் பூட்டியதில் நான் செய்த பிழை அப்போதுதான் தெரிந்தது. தாடையின் மேல்மட்டம் முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும் என்பது கணக்கு. 42 அங்குலம் வைத்திருந்தேன். அது என் முழங்கை. அவளுக்குத் தோள் தூக்கிக்கொண்டது, அரம் மூக்கு மேலே போயிற்று. அளந்தேன், 39½. தேக்கை அறுத்து, கம்பியை வெல்டு வைத்து, மட்டம் பார்த்து முடித்த மேஜை. இனி இறக்க முடியாது.

“ரெண்டரை அங்குலம்தானே?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்காரி உள்ளே போனாள். பலா மணையோடு வந்தாள். காலைச் சேர்த்து அளந்தால் இரண்டே கால். மீதிக்கு அடியில் ரப்பர் ஷீட்டை மடித்துப் போட்டேன். அட்டை கட்டியதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

மகள் ஏறி நின்றாள். முன்னால் தள்ளும்போது அழுத்து, இழுக்கும்போது விடு, அரம் ஊஞ்சல் ஆடக் கூடாது என்றேன். ஆடியது. எல்லோருக்கும் ஆடும். கால் மணி நேரம் ராவிவிட்டுத் துண்டைக் கழற்றி, மூலமட்டத்தை அதன்மேல் வைத்து லைட்டுக்கு எதிரே பிடித்தாள். இரண்டு ஓரத்திலும் வெளிச்சம், நடுவில் மேடு.

“எவ்வளவுப்பா இருக்கும்?”

“தலைமுடி கனம்.”

துண்டை மறுபடி வைஸில் வைத்து இறுக்கினாள்.